பூக்கட்டும் அக்காவும் ஷூ கம்பெனி டிரேயும்: கவனிப்பதிலிருந்து புதுமை பிறக்கும் விதம்

வேலூர் காந்தி ரோட்டில் முதல்முறை இறங்குகிறவர்களுக்குக் கொஞ்சம் தலை சுற்றும். கடைப் பலகைகளில் தமிழுக்குப் பக்கத்திலேயே வங்காள எழுத்து இருக்கும். இட்லிக் கடைக்கு நாலு வாசல் தள்ளி வங்காளப் பக்குவத்தில் மீன் குழம்பும் சோறும் கிடைக்கும். பாபு ராவ் தெருப் பக்கம் போனால், லாட்ஜ் அறைக்குள்ளேயே சமையல் மேடை. ஸ்டவ், குக்கர், கரண்டி வரை வாடகைக்குக் கொடுக்கிறார்கள்.

காரணம் ஊருக்கே தெரியும். சி.எம்.சி. மருத்துவமனைக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். வந்தால் ஒரு நாளில் முடிகிற வேலையில்லை. டெஸ்ட், ரிப்போர்ட், மறுபடி டாக்டர் என்று வாரக்கணக்கில் ஆகும். நோயாளிக்கு நம்ம சாம்பார் ஒத்துக்கொள்ளாது. கூட வந்தவர் என்ன செய்வார்? அறை மூலையில் சின்ன ஸ்டவ்வைப் பற்றவைத்துக் கஞ்சி காய்ச்சுவார். ஒரு லாட்ஜ்காரர் இதைப் பார்த்தால் இரண்டு விதமாக நடந்துகொள்ளலாம். "அறையில் சமைக்கக் கூடாது" என்று பலகை மாட்டலாம். இல்லையென்றால், சமைக்க ஒரு மேடை கட்டிக் கொடுத்துவிட்டு, அதற்கும் சேர்த்து வாடகை வாங்கலாம். வேலூரில் இரண்டு வகையும் உண்டு. எந்த லாட்ஜ் எப்போதும் நிரம்பியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

நாம் பேசப்போகிற விஷயம் அந்தச் சமையல் மேடைதான். அன்றாட வாழ்க்கையில் மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பது; பார்த்ததிலிருந்து வேலையிடத்தில் ஒரு புது ஏற்பாட்டைக் கொண்டுவருவது. புதுமை என்றதும் கம்ப்யூட்டர், ரோபோ என்று நினைத்துவிடுகிறோம். பெரும்பாலும் அது ஒரு மேடை, ஒரு கொக்கி, ஒரு டிரே அளவில்தான் இருக்கும்.

இதில் பிடித்துக்கொள்ள வேண்டிய சொல் ஒன்றே ஒன்று: சமாளிப்பு. டேபிள் ஆடினால் காலுக்கு அடியில் அட்டை மடித்து வைப்பது, பஸ் கண்டக்டர் பத்து ரூபாய், இருபது ரூபாய் நோட்டுகளை நீளவாக்கில் மடித்து விரல் இடுக்குகளில் பிரித்துச் செருகிக்கொள்வது, கண்ணாடி தொலையாமலிருக்கக் கயிறு கட்டிக் கழுத்தில் போடுவது எல்லாம் சமாளிப்பு. கருவியோ இடமோ விதியோ மனிதனுக்குச் சரியாகப் பொருந்தாதபோது, அந்த இடைவெளியை அவன் தன் கையால் அடைக்கிறான். அப்படி அடைத்த இடம் கண்ணில் பட்டால், குறை எங்கே இருக்கிறது என்பதும் அரைகுறையாக ஒரு தீர்வும் சேர்ந்தே கிடைத்துவிடும்.

அப்படியென்றால் நேராகக் கேட்டுவிடலாமே? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆம்பூர் பக்கம் ஷூ அப்பர், அதாவது பாதத்தை மூடுகிற தோல் மேல்பகுதி, தைக்கிற ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தபோது, லைனுக்கு ஒரு யோசனைப் பெட்டி வைத்தோம். ஒரு மாதம் கழித்துத் திறந்தால், "தண்ணி டேங்க் கழுவணும்", "பஸ் லேட்டா வருது", ஒரு ஐஸ்கிரீம் குச்சி. வேலையைப் பற்றி ஒரு சீட்டு இல்லை. அவர்களுக்குக் குறை இல்லாமலில்லை. பழகிப்போன குறை வாய்க்கு வராது, அவ்வளவுதான். பத்து வருடமாக அட்டை வைத்த டேபிளில் வேலை செய்பவரிடம் "டேபிள் எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லாத்தான் இருக்கு சார்" என்றுதான் சொல்வார். பொய்யில்லை. அந்த அட்டை அவர் கண்ணிலிருந்து எப்போதோ மறைந்துவிட்டது.

இந்த முறைக்கு நம் மாவட்டத்திலேயே பெரிய சான்று ஒன்று இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் அதிகம் பேசுகிறார்கள், நாம் குறைவாகப் பேசுகிறோம் என்று எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு.

டாக்டர் பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர்; மிஷனரிப் பெற்றோரின் பிள்ளை. லண்டனில் மருத்துவம் படிப்பதற்கு முன்னால் சில வருடம் கட்டட வேலையும் தச்சு வேலையும் கற்றார். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை மருத்துவராக வந்து சேர்ந்தார். அடுத்த வருடம் செங்கல்பட்டில் தொழுநோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேனைப் பார்க்கப் போனபோது, விரல் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கைக்குள் தன் கையைக் கொடுத்து, அழுத்தச் சொன்னார். அந்த ஆள் அழுத்திய அழுத்தில் பிராண்டுக்கு வலி தாங்கவில்லை. செத்துப்போன கை என்று எல்லோரும் ஒதுக்கிய கையில் இவ்வளவு பலமா? சில தசைகள்தான் செயலிழந்திருந்தன. மற்றவை நன்றாகவே இருந்தன. நல்ல தசையின் நாணை இடம் மாற்றித் தைத்து, செயலிழந்த தசையின் வேலையைச் செய்ய வைக்கும் அறுவைச் சிகிச்சை அங்கிருந்து தொடங்கியது. மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன.

விரல் நிமிர்ந்த பிறகுதான் இன்னொரு சிக்கல் கண்ணில் பட்டது. நோயாளிகளின் கைகால்களில் புதுப்புதுப் புண்கள் வந்துகொண்டே இருந்தன. விரல்கள் குட்டையாகிக்கொண்டே போயின. நோயே சதையை அழுக வைக்கிறது என்பதுதான் அன்றைக்குப் பரவலான நம்பிக்கை. பிராண்ட் எழுதி வைத்த ஒரு சம்பவம் இருக்கிறது. துருப்பிடித்த ஒரு பூட்டைத் திறக்க முடியாமல் அவர் திணறிக்கொண்டிருக்கிறார். நோயாளிகளில் ஒரு சிறுவன், நோஞ்சான் பையன், "நான் திறக்கிறேன்" என்று சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். கீழே ரத்தம் சொட்டியது. பார்த்தால் விரலின் சதை எலும்பு தெரியுமளவுக்குக் கிழிந்திருந்தது. பையனுக்குத் தெரியவே இல்லை. நமக்கு வலி எந்த இடத்தில் "போதும்" என்று சொல்லுமோ, அந்த இடம் அவன் கையில் இல்லை.

அதற்குப் பிறகு பிராண்டும் அவரோடு வேலை செய்தவர்களும் ஆஸ்பத்திரிப் படுக்கையை விட்டு நோயாளிகளின் அன்றாடத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். சிகிச்சை முடிந்தவர்கள் குடிசைகளில் கிராமத்தில் வாழ்வது போலவே வாழ்ந்து தொழில் கற்கும் நவஜீவ நிலையம் அதற்குத் தோதாக இருந்தது. ஒவ்வொரு காயத்துக்கும், நேற்று இந்தக் கை எதைப் பிடித்தது, எந்தப் பாத்திரத்தை இறக்கியது, இந்தக் கால் எவ்வளவு தூரம் நடந்தது என்று பின்னோக்கித் தேடினார்கள். பெரும்பாலான காயங்களுக்குச் சாதாரணக் காரணம் கிடைத்தது: சூடான பாத்திரம், கருவியின் கரடான பிடி, பொருந்தாத செருப்பு.

ஒன்றுக்கு மட்டும் விடை கிடைக்கவில்லை. இரவு முழுதாக இருந்த விரலில் காலையில் ஒரு பகுதி காணோம். ஒரு ராத்திரி கண்விழித்துக் காவல் இருந்தபோதுதான் தெரிந்தது: எலி. உணர்வில்லாத விரலை எலி கடித்தால் தூங்குகிறவர் எழுந்திருக்கமாட்டார். அதற்குப் பிறகு நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தார்கள். மருத்துவ வரலாற்றில் எனக்குப் பிடித்த மருந்துச்சீட்டு இதுதான்.

இந்தக் கவனிப்பிலிருந்து வந்த இன்னொரு விளைவு என் தொழிலுக்கு நெருக்கமானது. உணர்வில்லாத பாதம் ஒரே இடத்தில் அழுத்தம் வாங்கினால் புண்ணாகிவிடும். அழுத்தத்தைப் பாதம் முழுக்கப் பரப்புகிற மெத்தென்ற நுண்துளை ரப்பரில் செருப்பு செய்தார்கள். வேலூருக்குப் பக்கத்தில் 1955-ல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி மையம் இந்த வேலையை முன்னெடுத்த இடங்களில் ஒன்று. இன்றைக்குச் சர்க்கரை நோயால் பாத உணர்வு குறைந்தவர்களுக்கும் மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கிற 'எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலர் ரப்பர்) செருப்பு' அதே ரப்பர்தான்.

பூட்டுச் சம்பவத்தில் மூன்று நிலை அடுத்தடுத்து வருகிறது. எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரு காரணம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்குப் பொருந்தாத ஒன்று கண்ணில் படுகிறது. பார்த்தவர் அதைத் தற்செயல் என்று தள்ளாமல் பின்தொடர்கிறார். மூன்றாவதில்தான் பலர் கழன்றுகொள்கிறோம்.

வேலூருக்கு வெளியிலும் இதே கதைதான். வெளிநாட்டு மாதிரியில் செய்த செயற்கைக் காலை வாங்கியவர்கள் ஊருக்குப் போய்க் கழற்றி வைத்துவிடுவதை ஜெய்ப்பூரில் டாக்டர் பி.கே. சேத்தி பார்த்தார். அந்தக் காலோடு சம்மணம் போட முடியாது, குந்த முடியாது, வெறுங்காலோடு வயலில் இறங்க முடியாது. கைவினைஞர் ராம் சந்திர சர்மாவோடு சேர்ந்து 1960-களின் கடைசியில் அவர்கள் உருவாக்கியதுதான் ஜெய்ப்பூர் கால். நம் பக்கம், கடலூர்க்காரரான சின்னி கிருஷ்ணன் ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்தார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் தொடங்கிய நிறுவனம் அதைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனது. கூலியை அன்றன்றைக்கு வாங்கி அன்றன்றைக்குச் செலவழிக்கிற வீட்டில் பாட்டில் நுழையாது, பாக்கெட் நுழையும்.

இனி என் சொந்தக் கதை. பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் ஆரம்பிக்கிறவர்களுக்கு அளவு தெரியும்.

ஷூ அப்பர் வேலையில் ஓயாத தலைவலி ஜோடி மாறுவது. ஒரே தோலில் முதுகுப் பக்கம் இறுக்கமாக இருக்கும், வயிற்றுப் பக்கம் தளர்வாக இருக்கும். நிறமும் லேசாக மாறும். அதனால் இடது காலுக்கும் வலது காலுக்கும் பக்கத்துப் பக்கத்து இடத்தில் வெட்டி, சில்வர் பேனாவில் ஒரே எண் போடுவோம். தையலுக்கு வரும்போது டிரேயில் இடது தனிக் கட்டு, வலது தனிக் கட்டு. இடையில் ஒரு பீஸ் பழுதானாலோ எண் அழிந்தாலோ, கடைசி செக்கிங் டேபிளில் ஜோடி தேடுகிற திருவிழா நடக்கும். இதைத் தீர்க்க நான் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து, தடுப்பு வைத்த மரப் பெட்டி ஒன்றை வடிவமைத்தேன். இரண்டு வாரத்தில் அதில் டிபன் பாக்ஸ் அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அதுவும் ஒரு சேதிதான். அப்போது எனக்கு உறைக்கவில்லை, கோபம்தான் வந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மிஞ்சுகிற பத்து நிமிடத்தில் ஒரு அக்கா தினமும் மல்லி கட்டுவார். ஒருநாள் வேலையில்லாமல் நின்று பார்த்தேன். பூவைக் குவியலாகக் கொட்டிவைத்து ஒவ்வொன்றாக எடுக்கவில்லை. முதலில் ஈரத்துணி மேல் இரண்டு மொட்டு இந்தப் பக்கம் பார்த்து, இரண்டு மொட்டு அந்தப் பக்கம் பார்த்து, காம்போடு காம்பு சேர வரிசையாக அடுக்கிவிடுகிறார். கட்டும்போது கை தானாகப் போகிறது, கண் வேறெங்கோ இருக்கிறது, வாய் பக்கத்து அக்காவோடு சீரியல் கதை பேசுகிறது.

"அக்கா, ஏன் முதல்லயே அடுக்கிடறீங்க?"

"இன்னா சார் இது, அடுக்காம எடுத்தா ஒரு பக்கம் மூணு, ஒரு பக்கம் ஒண்ணுன்னு பூடும். அப்புறம் எவ உட்கார்ந்து பிரிக்கிறது?"

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. நாங்கள் குவியலாகக் கொடுத்துவிட்டுக் கடைசியில் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தோம். கட்டிங்கிலிருந்து வரும்போதே இடது, வலது, இடது, வலது என்று மூக்கும் குதிகாலும் மாறி மாறி வருகிற மாதிரி டிரேயில் அடுக்கச் சொன்னோம். தைக்கிறவர் ஒரு ஜோடியை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார். ஒரு பீஸ் குறைந்தால் அந்த இடத்திலேயே பல் விழுந்த மாதிரி தெரியும். முதல் நாலு நாள் வேகம் குறைந்தது, மேலே இருந்து சத்தம் வந்தது. பிறகு செக்கிங் டேபிளில் தேடுகிற வேலை நன்றாகக் குறைந்தது. செலவு ஒரு ரூபாய் இல்லை.

ஒரு வருத்தமும் உண்டு. மாதாந்திர மீட்டிங்கில் இது "மெதட் இம்ப்ரூவ்மென்ட்" என்ற பெயரில் மேனேஜர் ஸ்லைடில் வந்தது. அக்கா பெயர் இல்லை. நானும் அந்த இடத்தில் எழுந்து சொல்லவில்லை. அடுத்த முறை நான் பூக்கட்டுவதைப் பார்க்கப் போனபோது அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். கவனித்து எடுத்த யோசனைக்கு உரியவர் பெயரைச் சொல்லாவிட்டால், அடுத்த யோசனை கண்ணுக்குக் காட்டப்படாது.

சரி, எப்படித் தொடங்குவது? டொயோட்டாவின் உற்பத்தி முறையை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான டாயிச்சி ஓனோ, தொழிற்சாலைத் தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, இன்ஜினியரை அதற்குள் நிற்க வைத்துவிட்டுப் போய்விடுவாராம். சில மணி நேரம் கழித்து வந்து "என்ன பார்த்தாய்?" என்று கேட்பார். அவரும் சும்மா சொன்னவரில்லை. அமெரிக்க சூப்பர்மார்க்கெட்டில் வாடிக்கையாளர் எடுத்த அளவுக்கு மட்டும் அலமாரியை மறுபடி நிரப்புகிற முறையைப் பற்றி அறிந்து, 1956-ல் நேரிலும் பார்த்து, தேவைப்பட்டதைத் தேவைப்பட்டபோது மட்டும் கொண்டுவரும் ஏற்பாட்டைக் கார் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தவர்.

நமக்கு வட்டம் வேண்டாம். அரை மணி நேரம் ஒரே இடத்தில் நில்லுங்கள் அல்லது உட்காருங்கள். போன் பையில் இருக்கட்டும். முகத்தைப் பார்க்காதீர்கள், அது சங்கடம். கையைப் பாருங்கள், காலைப் பாருங்கள். யார் குனிகிறார்கள், யார் எட்டி எடுக்கிறார்கள், யார் திரும்பத் திரும்ப எழுந்து போகிறார்கள், எதில் கயிறு கட்டியிருக்கிறது, எதில் துணி சுற்றியிருக்கிறது, சுவரில் பேனாவால் எழுதிய எண் எங்கே இருக்கிறது.

எழுதும்போது ஒரு கட்டுப்பாடு தேவை, இதுதான் பழக மிகக் கடினமானது: பார்த்ததை எழுதுங்கள், தீர்ப்பை எழுதாதீர்கள். எங்கள் லைனில் ஒரு தங்கச்சி அடிக்கடி தண்ணீர் குடிக்கப் போவார். என் நோட்டில் முதலில் "வேலையில் கவனமில்லை" என்று எழுதியிருந்தேன். அது கவனிப்பில்லை, வசை. "பத்திலிருந்து பதினொன்றுக்குள் நாலு முறை எழுந்தார்" என்று எழுதினால் அடுத்த கேள்வி தானாக வரும். பதினைந்து நிமிடம் அவர் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். பின்னால் இருந்த சூடேற்றும் மிஷினின் அனல் நேராக முதுகில் அடித்தது. மே மாத வேலூர் வெயிலுக்கு மேல் அது வேறு. ஸ்டூலை மூன்றடி நகர்த்தினோம்.

பார்த்து முடித்த பிறகு கேளுங்கள். "ஏன் இப்படிச் செய்யறீங்க?" என்ற கேள்வி நம் ஊர்த் தொனியில் குற்றம் சாட்டுவது போல விழும். "இது எனக்குத் தெரியலை அக்கா, சொல்லுங்க" என்றால் பேச்சு வரும்.

கையில் ஸ்டாப்வாட்ச் இருந்தால் இந்த வேலையை ஆரம்பிக்கவே வேண்டாம். ஸ்டாப்வாட்சோடு ஒருவர் லைனுக்குள் நுழைந்தால் ஊசி மெதுவாகிவிடும் என்பது எந்த ஷூ கம்பெனியிலும் தெரிந்த ரகசியம். இன்றைக்கு வேகமாகத் தைத்தால் நாளைக்கு டார்கெட் ஏறும். எதிர்ப்பக்கமும் நடக்கும். சிகாகோ அருகே ஹாதோர்ன் தொழிற்சாலையில் 1924-லிருந்து 1932 வரை நடந்த சோதனைகளில், வெளிச்சத்தைக் கூட்டினாலும் உற்பத்தி ஏறியது, குறைத்தாலும் ஏறியது என்று சொல்லப்பட்டது. பார்க்கப்படுகிறோம் என்ற உணர்வே நடத்தையை மாற்றுகிறது என்று அதற்கு விளக்கம் தந்தார்கள். அந்தக் கணக்குகளைப் பின்னால் பலர் கேள்வி கேட்டார்கள். ஆனாலும் முதல் நாள் பார்த்ததை வைத்து முடிவெடுக்காதீர்கள். நீங்கள் அங்கே நிற்பது யாருக்கும் செய்தியாக இல்லாமல் போகிற நாளில்தான் உண்மையான வேலை தெரியும். அனுமதி கேட்காமல் படம் எடுப்பது, வீடியோ பிடிப்பது கூடவே கூடாது. அது கவனிப்பு இல்லை, வேவு.

ஒருவர் செய்வதைப் பார்த்து எல்லோருக்கும் சட்டம் போடுவதும் தவறு. இடதுகைக்காரர் ஒருவரின் வசதிக்காகக் கத்தரிக்கோல் கொக்கியை மாற்றிவிட்டு, மற்ற பதினோரு பேரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை. எல்லாச் சமாளிப்பையும் ஒழித்துக்கட்டவும் தேவையில்லை. கண்டக்டரின் விரல் இடுக்கை விட வேகமான கல்லாப்பெட்டியை நான் இன்னும் பார்க்கவில்லை.

இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறேன், ராணிப்பேட்டைப் பக்கம். போன திங்கட்கிழமை, மூன்றாவது லைனில் ஒரு அக்கா மிஷின் தலைக்குப் பக்கத்தில் வட்டமாகக் கறுப்பாக ஏதோ ஒட்டி வைத்திருந்தார். பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம். தைக்கும்போது ஊசி உடைந்தால் அதன் துண்டுகள் எல்லாம் கிடைத்தாக வேண்டும். ரிஜிஸ்டரில் ஒட்டிக் கணக்குக் காட்டினால்தான் அடுத்த ஊசி கொடுப்போம். அதற்காகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவர் அதில் ஊசித்துண்டு எதையும் வைக்கவில்லை. மூன்று நாளாகப் பார்க்கிறேன். ஒவ்வொரு ஜோடி முடிந்ததும் கத்தரிக்கோல் நுனியை அதில் ஒருமுறை தொட்டுவிட்டு அடுத்த பீஸை எடுக்கிறார். நாளைக்குக் கேட்கலாம் என்றிருக்கிறேன்.